பரம்பரை நோயைக் கருவிலேயே கண்டுபிடிக்க முடியுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பரம்பரை நோய்களுக்கான கர்ப்பகாலப் பரிசோதனைகள் பற்றி எழுதிக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். அவசரமான கடிதத்தை முதலில் வைக்கிறேன். அந்தச் சகோதரிக்கு நாள் குறைவாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் முதல் மகன் ஒன்பதாவது மாதத்தில் இறந்துவிட்டான். கழுத்தே நிற்கவில்லை, கை கால் அசைவு குறைந்துகொண்டே வந்து கடைசியில் மூச்சுவிட முடியாமல் போனது. எஸ்.எம்.ஏ. என்று டாக்டர் சொன்னார். இப்போது மறுபடி ஏழு வாரம். இந்தக் குழந்தைக்கும் வருமா? எப்போது தெரியும்?

பதில்: மகனை இழந்த துக்கத்தோடு அடுத்த குழந்தையைச் சுமப்பது எவ்வளவு பாரம் என்று இந்த வேலையில் இருப்பதால் எனக்குத் தெரியும் அம்மா. நேராக விஷயத்துக்கு வருகிறேன். முக்கியமான பரிசோதனைக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அது போதும், ஆனால் இந்த வாரமே தொடங்கினால்தான் போதும்.

எஸ்.எம்.ஏ. என்பது மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் முதுகுத்தண்டு நரம்புச் செல்கள் அழிந்துபோகும் நோய். இதற்குக் காரணமான மரபணுவின் பெயர் எஸ்.எம்.என்.1. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று பொதுவாக இரண்டு பிரதிகள் நம்மிடம் இருக்கும். ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துவிடும், அந்த ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, அவரைத்தான் கேரியர் என்கிறோம். நீங்களும் உங்கள் கணவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு, உங்களைப் போலவே கேரியராக இருக்க 50 சதவீதம், இரண்டும் நல்ல பிரதியாகவே கிடைக்க 25 சதவீதம். ஒருமுறை வந்துவிட்டது, அடுத்த மூன்று குழந்தைக்கு வராது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

இன்று செய்ய வேண்டியது, மகனின் பழைய ஃபைலைத் தேடி எடுப்பது. அதில் 'எஸ்.எம்.ஏ.' என்று டாக்டர் எழுதியிருப்பது மட்டும் போதாது, மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவன் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிடமும், ரத்தம் போன பரிசோதனைக்கூடத்திடமும் அவனுடைய டி.என்.ஏ. மாதிரி ஏதாவது பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பொட்டு அட்டையைச் சில இடங்களில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நீங்கள் இருவரும் ரத்தம் கொடுத்து எஸ்.எம்.என்.1 எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். எஸ்.எம்.ஏ. வந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதியிலும் ஒரே பகுதி, ஏழாவது எக்ஸான், காணாமல் போயிருக்கும். அதனால் இந்த நோயைப் பொறுத்தவரை எதைத் தேடுவது என்பது ஓரளவு தெளிவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: சிலருக்கு இரண்டு பிரதியும் ஒரே குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும், இன்னொரு குரோமோசோமில் ஒன்றுமே இருக்காது. எண்ணிப் பார்த்தால் இரண்டு என்றுதான் வரும், ஆனால் அவரும் கேரியர்தான். ஆகவே உங்களில் ஒருவருக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தால் அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளாமல், மகனின் கதையோடு சேர்த்து மரபணு மருத்துவரிடமோ ஜெனடிக் கவுன்சலரிடமோ காட்டுங்கள்.

இதெல்லாம் நடக்கும்போதே, பதினோராவது வாரத்தில் சி.வி.எஸ். செய்ய நாள் வாங்கிவிடுங்கள். நஞ்சிலிருந்து (நஞ்சுக்கொடி, அதாவது பிளசென்டா) துளி அளவு திசுவை எடுக்கிற பரிசோதனை அது. குழந்தையும் நஞ்சும் ஒரே கருவுற்ற முட்டையிலிருந்து வந்தவை என்பதால் நஞ்சின் மரபணுவைப் பார்த்தால் குழந்தையுடையது தெரிந்துவிடும். உங்கள் ரத்தத்தையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள், தாயின் செல்கள் மாதிரியில் கலந்துவிடவில்லை என்று உறுதிசெய்ய அது வேண்டும். கர்ப்பத்தை எந்த வாரம் வரை நிறுத்தலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நீங்கள் எந்த முடிவை எடுப்பதாக இருந்தாலும், யோசிக்க நாள் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இதை எல்லா வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கருவில் இருக்கும் குழந்தைக்கு 'எல்லா மரபணு நோயும் பார்க்கிற' ஒரு டெஸ்ட் கிடையாது. மனிதனின் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அதில் எந்த மரபணுவில், எந்த இடத்தில், என்ன பிழை என்று பரிசோதனைக்கூடத்துக்குச் சொன்னால்தான் அவர்களால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியும். அந்த விலாசம் எங்கே இருக்கிறது? குடும்பத்தில் ஏற்கெனவே நோய் வந்தவரிடம். அவருடைய ரிப்போர்ட்தான் சாவி. வீட்டில் ஒரு குழந்தை காரணம் புரியாத நோயால் கவலைக்கிடமாக இருக்கிறது என்றால், அந்த நேரத்தில் இதைக் கேட்பது கொடுமையாகத் தோன்றும், இருந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள், டி.என்.ஏ.வைச் சேமித்து வைக்க கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று. நாள் எண்ணிக்கொண்டு, கையில் ஒரு ரிப்போர்ட்டும் இல்லாமல், பதினெட்டாவது வாரத்தில் வந்து நிற்கிற தம்பதிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: என் நாத்தனாரின் குழந்தைக்குத் தலசீமியா, மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். எனக்குப் பன்னிரண்டாவது வாரம். ரத்தத்திலேயே குழந்தையின் டி.என்.ஏ. பார்க்கும் என்.ஐ.பி.டி. எடுத்தேன், 'லோ ரிஸ்க்' என்று வந்துவிட்டது. இனி பயமில்லைதானே?

பதில்: இல்லை அம்மா, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயான தலசீமியாவைப் பற்றி அந்த ரிப்போர்ட் எதுவுமே சொல்லவில்லை. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, படித்தவர்களுக்கும் இருக்கிறது.

தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்பதை 1997-ல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். 2011 முதல் அது மருத்துவமனைகளில் பரிசோதனையாகவே வந்துவிட்டது. துணுக்குகள் உண்மையில் நஞ்சிலிருந்து வருகின்றன. வழக்கமான என்.ஐ.பி.டி. குரோமோசோம்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, 21, 18, 13 ஆகியவை இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கின்றனவா என்று. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை மிக நல்ல ஸ்கிரீனிங், ஆனால் அங்கேயும் அது ஸ்கிரீனிங்தான், 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் சி.வி.எஸ். அல்லது அம்னியோ (பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) செய்து உறுதிப்படுத்தாமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. தலசீமியாவில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அலமாரியில் புத்தகங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு, அதில் ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழை இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா, அப்படித்தான். ஸ்கேனும் அதேபோல. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் கழுத்துப் பின்புற நீர் அளவு ஸ்கேனோ, 18 முதல் 22 வாரத்தில் எடுக்கும் உறுப்புகள் ஸ்கேனோ பீட்டா தலசீமியாவைக் காட்டாது.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. நாத்தனாருக்கு நோயுள்ள குழந்தை பிறந்திருக்கிறது என்றால் அவர் கேரியர், அவருடைய தம்பியோ அண்ணனோ ஆன உங்கள் கணவர் கேரியராக இருக்க 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆகவே நாளைக்கே இருவரும் சாதாரண ரத்த எண்ணிக்கையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையும் கொடுங்கள். சிவப்பணுக்கள் சின்னதாக இருந்து, ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று பொருள். இரும்புச்சத்து குறைவாலும் அணுக்கள் சின்னதாகும், அதனால் 'சும்மா ரத்தசோகை' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது, இரும்புச்சத்து அளவையும் சேர்த்துப் பாருங்கள். கணவருக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால், குழந்தை அதிகபட்சம் கேரியராக இருக்கும், அது நோயே அல்ல. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் ஈ, ஹீமோகுளோபின் எஸ் என்று வேறு வகை ஏதாவது இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள், அவை பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். இருவருக்கும் இருந்தால் மரபணுவில் யாருக்கு எந்த மாற்றம் என்று கண்டுபிடித்துக்கொண்டு சி.வி.எஸ்.ஸோ அம்னியோவோ செய்யலாம், பன்னிரண்டாவது வாரத்தில் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கேள்வி: வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கரு கலைந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நூற்றுக்கு ஒன்று கலையும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: நூற்றுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. ஸ்கேனில் ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டே செய்கிற இன்றைய முறையில், கைதேர்ந்தவர்கள் செய்தால், பரிசோதனையால் மட்டுமே கூடுதலாக வரும் ஆபத்து ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை என்று மகப்பேறு மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. சி.வி.எஸ்.ஸுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பூஜ்யம் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உள்ள குடும்பத்துக்கு இந்த ஆபத்து ஏற்றுக்கொள்ளத் தக்கதாக இருக்கும், வெறும் மன நிம்மதிக்காகச் செய்பவருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். செய்யப்போகும் மருத்துவரிடம் 'வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், நியாயமான கேள்விதான்.

அம்னியோ பதினைந்தாவது வாரத்துக்குப் பிறகுதான் செய்ய வேண்டும். பனிக்குடத்திலிருந்து 15 முதல் 20 மில்லி நீர் எடுப்பார்கள், அதில் குழந்தையின் தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் உதிர்ந்த செல்கள் இருக்கும். ஊசி உள்ளே இருப்பது ஒன்றிரண்டு நிமிடம், வலி ரத்தம் எடுக்கும் வலியைவிடக் கொஞ்சம் அதிகம், அப்புறம் மாதவிடாய் வலி போல இழுத்துப் பிடிக்கலாம். நீர் கசிவு, ரத்தப்போக்கு, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், பரிசோதனைக்குப் பிறகு ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். சி.வி.எஸ். சீக்கிரமே செய்யலாம் என்பது பெரிய லாபம், ஆனால் பத்து வாரத்துக்கு முன் செய்யக் கூடாது, குழந்தையின் கை கால் வளர்ச்சி பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்ததால் அதை விட்டுவிட்டார்கள். இன்னொன்று, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நஞ்சில் மட்டும் குரோமோசோம் மாறுபாடு இருந்து குழந்தை சரியாக இருக்கும், அப்போது அம்னியோ செய்து உறுதிப்படுத்த வேண்டி வரும். பெற்றோரிடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபணு மாற்றத்தைத் தேடும்போது பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

கேள்வி: என் அண்ணனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலி. எனக்கு இப்போதுதான் திருமணம் ஆகியிருக்கிறது, குழந்தை பெற்றுக்கொள்ளவே பயம். சி.பி.கே. ரத்தப் பரிசோதனை எனக்கு நார்மல்.

பதில்: கர்ப்பத்துக்கு முன்பே கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. சி.பி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) நார்மலாக இருப்பதால் நீங்கள் கேரியர் இல்லை என்று ஆகிவிடாது, கேரியர் பெண்கள் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும்.

இந்த நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ், அதில் பழுது வந்தால் நோய். பெண்களுக்கு இரண்டு என்பதால் பொதுவாகத் தப்பிவிடுகிறார்கள். நோயுள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு அம்மாவிடமிருந்து வராமல் புதிதாகவே மாற்றம் ஏற்பட்டிருக்கும். உங்கள் அண்ணன் எந்த வகை என்று தெரிய முதலில் அவருடைய ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். 79 எக்ஸான்கள் உள்ள பிரம்மாண்டமான மரபணு இது, பெரும்பாலோருக்கு அதில் சில எக்ஸான்கள் காணாமல் போயிருக்கும் அல்லது இரட்டித்திருக்கும், அதற்கு எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை, அதில் தெரியாவிட்டால் முழு மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அண்ணனிடம் உள்ள மாற்றம் கிடைத்தவுடன் அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை. இல்லையென்றால் உங்கள் குழந்தைகளுக்கான ஆபத்து வெளியாட்களுக்கு உள்ளது போலத்தான், இத்தனை வருடப் பயத்தையும் இறக்கி வைத்துவிடலாம். உங்கள் அம்மாவின் ரத்தத்தில் அது காணப்படவில்லை என்றாலும் நீங்கள் தனியாகப் பரிசோதித்துக்கொள்ளத்தான் வேண்டும், சில அம்மாக்களுக்குக் கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் மாற்றம் இருக்கும், ரத்தத்தில் தெரியாது.

இருந்தால்? ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீதம், ஒவ்வொரு மகளும் கேரியராக 50 சதவீதம். உங்கள் இதயத்தையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும், கேரியர் பெண்களுக்கு இதயத் தசை பலவீனமாகலாம், இதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு இரண்டு வழி. இயற்கையாகக் கருத்தரித்து பதினோராவது வாரத்தில் சி.வி.எஸ். பார்ப்பது ஒன்று. ஐ.வி.எஃப். முறையில் கருவை வெளியே உருவாக்கி, ஐந்தாறு நாள் வளர்ந்ததும் அதன் வெளிச்சுவரிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்த்து, மாற்றம் இல்லாத கருவை மட்டும் கருப்பையில் வைப்பது இன்னொன்று. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய்களுக்காக முதன்முதலில் இந்த முறையில் கர்ப்பம் தரித்ததாக அறிவிக்கப்பட்டது 1990-ல், அன்றிலிருந்து நுட்பம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. கலைக்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் நிலை பெரும்பாலும் வராது என்பது இதன் பெரிய ஆறுதல். ஆனால் ஹார்மோன் ஊசிகள், செலவு, ஒவ்வொரு முயற்சியும் கர்ப்பமாகும் என்ற உத்தரவாதம் இல்லாமை எல்லாம் சேர்ந்து உடலையும் மனதையும் களைப்பாக்கும். கர்ப்பமான பிறகும் சி.வி.எஸ். அல்லது அம்னியோவில் உறுதிப்படுத்திக்கொள்ளச் சொல்கிறோம், சில செல்களை வைத்துச் சொல்லும் பதிலில் சிறு தவறுக்கு இடமுண்டு.

கேள்வி: எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தப் பரம்பரை நோயும் இல்லை. கேரியர் டெஸ்ட் தேவையா?

பதில்: இருவரும் கேரியராக இருந்தால் மட்டுமே வெளிவரும் நோய்கள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருக்கும், அதனால் அப்படிப்பட்ட குழந்தை பிறக்கும் பெரும்பாலான வீடுகளில் 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்றுதான் சொல்வார்கள். தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனையையாவது குழந்தைக்குத் திட்டமிடும் எல்லோரும் செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. எஸ்.எம்.ஏ. உட்படப் பல நோய்களை ஒரே ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனைகளும் உண்டு. கணவன் மனைவி ரத்த உறவு என்றால் நிச்சயம் ஒரு ஜெனடிக் கவுன்சலரைப் பாருங்கள், கணவனின் பெற்றோரில் ஒருவரும் மனைவியின் பெற்றோரில் ஒருவரும் கூடப்பிறந்தவர்கள் என்றால் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு இருவருக்கும் பொதுவாக இருக்கும்.

கேள்வி: அம்னியோ ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம், வி.யு.எஸ்.' என்று இருக்கிறது. இது நோயா?

பதில்: நோய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக் கர்ப்பத்தை நிறுத்துவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் இருவரின் ரத்தத்திலும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆரோக்கியமாக இருக்கும் பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் பல சமயம் கவலை குறையும், எந்த வகையில் பரம்பரையாக வரும் நோய் என்பதைப் பொறுத்து.

கேள்வி: எந்த ரிப்போர்ட் வந்தாலும் நாங்கள் கருவைக் கலைக்க மாட்டோம், அது எங்கள் நம்பிக்கை. டாக்டர் அம்னியோ செய்யச் சொல்கிறார். எதற்காகச் செய்ய வேண்டும்?

பதில்: செய்தே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் இந்தப் பரிசோதனை கலைப்பதற்காக மட்டும்தான் என்று நினைப்பதை நான் மாற்ற விரும்புகிறேன்.

எஸ்.எம்.ஏ.யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 வரை அதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தே கிடையாது. இப்போது மூன்று மருந்துகள் இருக்கின்றன. விலையும் கிடைப்பதும் பெரிய போராட்டம்தான், ஆனால் அறிகுறி தெரியும் முன்பே தொடங்கிய குழந்தைகள் உட்கார்ந்து, நடந்து வளர்வதைப் பார்க்கிறோம், தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு இழந்த நரம்புச் செல்கள் திரும்புவதில்லை. கருவிலேயே தெரிந்திருந்தால் பிறந்த வாரமே மருந்துக்கு ஏற்பாடு செய்ய முடியும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் இருக்கக்கூடிய ஆண் குழந்தை என்றால் பிரசவத்தில் வேக்யூம், ஃபோர்செப்ஸ் வைத்து இழுக்கக் கூடாது, தலைக்குள் ரத்தம் கசியலாம், பிறந்த உடனே தசையில் ஊசி போடுவதற்கும் யோசிக்க வேண்டும். அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ள சில குழந்தைகள் பிறக்கும்போது நன்றாக இருந்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் உடலிலிருந்து உப்பு வெளியேறி உயிருக்கே ஆபத்தாகிவிடும், முன்பே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே தடுத்துவிடலாம்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஊசி வேண்டாம் என்று தோன்றினால், அதுவும் சரியான முடிவுதான். அப்படியென்றால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் பேசி, குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். குடும்பத்தில் உள்ள மாற்றத்தின் ரிப்போர்ட்டை நகல் எடுத்து உங்கள் கர்ப்பகால ஃபைலின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பிரசவம் நடுராத்திரியில் நடந்தாலும், அன்று பணியில் இருக்கும் டாக்டர் உங்களை அதுவரை பார்த்திராதவராக இருந்தாலும், அந்தக் காகிதம் அவர் கண்ணில் பட வேண்டும்.